முதுநிலை தீசிஸ்: கேள்வித்தாளோடு கிளம்பும் முன் முடிக்க வேண்டிய வேலைகள்

எம்.பி.எச்., எம்.எஸ்சி. நர்சிங், சமுதாய மருத்துவத்தில் எம்.டி. என்று எதைப் படித்தாலும் தீசிஸ் (ஆய்வேடு) ஒன்று உண்டு. அதில் பெரும்பகுதி, முதல் நோயாளியிடம் முதல் கேள்வியைக் கேட்பதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது என்பது என் உறுதியான கருத்து. அதனால் இந்தப் பதிவில் முன்வேலைகளைப் பற்றித்தான் அதிகம் பேசப் போகிறேன். எழுதுவது, பைண்டிங் போடுவதெல்லாம் உங்கள் சீனியர்களே சொல்லித் தருவார்கள்.

பேசுவதற்கு வசதியாக ஓர் உதாரணம்: ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தின் பகுதியில் பிரஷருக்கு மாத்திரை எடுப்பவர்களில் எத்தனை பேருக்கு அது கட்டுப்பாட்டில் இல்லை, ஏன்?

படி 1: கேள்வியை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

யாரிடம், எங்கே, எதை அளக்கப் போகிறோம் என்ற மூன்றும் அந்த வாக்கியத்தில் இருக்க வேண்டும். 'உயர் ரத்த அழுத்தம் குறித்த ஓர் ஆய்வு' என்பது வெறும் தலைப்பு, அதிலிருந்து வேலை தொடங்க முடியாது. 'கட்டுப்பாட்டில் இல்லை' என்றால் 140/90 அல்லது அதற்கு மேல் என்று எண்ணோடு எழுதுங்கள். எப்படி அளப்பீர்கள் என்பதையும் அப்போதே முடிவு செய்யுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் ஸ்டெப்ஸ் (STEPS) கணக்கெடுப்பு முறை எனக்குப் பிடித்தது: 15 நிமிடம் உட்கார வைத்து, இடைவெளி விட்டு மூன்று முறை அளந்து, கடைசி இரண்டின் சராசரியை எடுப்பது.

குறிக்கோள் இரண்டு போதும், மிஞ்சிப் போனால் மூன்று.

படி 2: காலி அட்டவணை போடுங்கள்

தரவு வருவதற்கு முன்பே, முடிவுகள் அத்தியாயத்தில் வரப்போகும் அட்டவணைகளை எண்கள் இல்லாமல் ஒரு தாளில் வரைந்துவிடுங்கள். வரிசையில் என்ன, பத்தியில் என்ன, அடியில் மொத்தம் யார் என்று எல்லாம் தெரிய வேண்டும். எந்த அட்டவணையிலும் இடம் கிடைக்காத கேள்வியைக் கேள்வித்தாளிலிருந்து தயங்காமல் எடுத்துவிடுங்கள். அரை மணி நேரம் கேள்வி கேட்டு ஒரு பாட்டியின் காலைப் பொழுதை வீணாக்க நமக்கு உரிமை இல்லை.

படி 3: சாம்பிள் சைஸ் (எத்தனை பேரைச் சேர்க்க வேண்டும்)

நான் அதிகம் திணறிய இடம் இதுதான். ஜூனியர்கள் பலரும் இங்கேதான் நிற்கிறார்கள் என்பதால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

நம் ஊர் துறைகளில் எல்லோரும் சொல்லும் சூத்திரம்: 4 × பி × க்யூ ÷ எல்². பி என்பது முந்தைய ஆய்வில் கிடைத்த சதவீதம். க்யூ என்பது 100-லிருந்து பி-யைக் கழித்தது. எல் என்பது நாம் அனுமதிக்கும் பிழை. அந்த 4, 1.96-இன் வர்க்கமான 3.84-ஐ முழுமையாக்கியது. 95% நம்பிக்கை அளவுக்கானது, அதாவது இதே ஆய்வை 100 முறை செய்தால் சுமார் 95 முறை விடை அந்தப் பிழைக்குள் இருக்கும்.

முந்தைய ஆய்வில் 30% பேருக்குக் கட்டுப்பாட்டில் இல்லை என்று வைத்துக்கொள்வோம். எல் 5 என்றால், 4 × 30 × 70 ÷ 25 = 336. இதையே ஓப்பன்எபி என்ற புள்ளியியல் கணக்கீட்டுத் தளத்தில் போட்டால் 323 வரும். பதற வேண்டாம், அது 4-க்குப் பதில் 3.84 போடுகிறது. எதைப் பயன்படுத்தினீர்கள் என்று எழுதிவிட்டால் போதும்.

சிக்கல் அந்த 'எல்'-இல்தான் இருக்கிறது. ஒரு தீசிஸில் 'பிழை 5%' என்றும் இன்னொன்றில் 'பிழை 20%' என்றும் பார்ப்பீர்கள். முதலாவது நேரடிப் பிழை: 30-க்கு இரண்டு பக்கமும் 5, அதாவது 25 முதல் 35 வரை. இரண்டாவது ஒப்பீட்டுப் பிழை: 30-இல் 20%, அதாவது 6. அதனால் 24 முதல் 36 வரை. பி 30-ஐ ஒட்டி இருக்கும்போது இந்த இரண்டு இடைவெளிகளுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. அரிதான ஒன்றை அளக்கும்போதுதான் கவனம் வேண்டும். பக்கவாதம் வந்தவர்கள் 5% இருப்பார்கள் என்று எடுத்துக்கொண்டு, 'எல்'-ஐயும் 5 என்று போட்டால், 4 × 5 × 95 ÷ 25 = 76. வெறும் 76 பேர் போதும் என்று மனம் மகிழும். ஆனால் கிடைக்கும் விடை '0 முதல் 10% வரை' என்பதுதான். அது யாருக்கும் உதவாது. அதே 5%-க்கு ஒப்பீட்டுப் பிழை 20% எடுத்தால் எல் 1 ஆகிவிடும், 1,900 பேர் வேண்டும். ஒரு மாணவரால் அது முடியாது என்றால், குறிக்கோளை மாற்ற வேண்டும் என்று இந்தக் கணக்கே சொல்லிவிடுகிறது. கைடிடம் (வழிகாட்டும் பேராசிரியரிடம்) இந்தக் கணக்கோடு போய்ப் பேசுங்கள், பேச்சு உடனே தெளிவாகும்.

கடைசியாக, பதில் தராதவர்களுக்கு 10% சேர்ப்பது. 336-இல் 10%-ஐக் கூட்டி 370 என்று போடுகிறார்கள். 370 பேரில் 10% விலகினால் 333 பேர்தான் மிஞ்சுவார்கள். 336-ஐ 0.9-ஆல் வகுங்கள்: 374.

படி 4: எத்திக்ஸ் கமிட்டி

ஆய்வுக்கு அனுமதி தரும் கல்லூரி எத்திக்ஸ் கமிட்டி (நெறிமுறைக் குழு) தினமும் கூடுவதில்லை. அடுத்த கூட்டம் எப்போது என்று முதலில் கேட்டுவிட்டு, அதிலிருந்து பின்னோக்கி உங்கள் நாட்களைத் திட்டமிடுங்கள். அரசு சுகாதார நிலையத்தில் ஆய்வு என்றால் சுகாதாரத் துறையின் அனுமதியும் தனியாக வேண்டும். இரண்டு விண்ணப்பங்களையும் ஒன்றாகவே நகர்த்துங்கள். அனுமதிக் கடிதத்தின் தேதிக்கு முன் ஒரு ஒப்புதல் படிவத்தில்கூடக் கையெழுத்து இருக்கக் கூடாது.

ஆய்வைப் பற்றி நோயாளிக்கு விளக்கும் தகவல் தாளைத் தமிழில் நேராக எழுதுங்கள். ஆங்கிலத்தில் எழுதி மொழிபெயர்த்தால் 'பங்கேற்பாளரின் தன்னார்வம்' என்ற மாதிரி எழுதத் தோன்றும். 'இந்த ஆய்வில் சேர விருப்பமில்லை என்று நீங்கள் சொன்னாலும் உங்கள் மாத்திரை நிற்காது' என்று எழுதினால் புரியும். நோயாளிகளின் மனதில் உள்ள பயமும் அதுதான். எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றால், ஆய்வுக்குத் தொடர்பில்லாத ஒரு சாட்சியின் முன் படித்துக் காட்டி, கைரேகை வாங்கி, சாட்சியிடமும் கையெழுத்து வாங்க வேண்டும். ஐ.சி.எம்.ஆர்.-இன் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2017 வழிகாட்டுதலில் இது உள்ளது. அந்த ஆவணத்தை ஒருமுறையாவது படித்துவிடுங்கள்.

தட்டச்சு யூனிகோடில் மட்டும். வானவில், பாமினி எழுத்துருவில் அடித்த கோப்பு, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வெறும் குறிகளாகத் தெரியும்.

படி 5: கேள்வித்தாள்

தயாராக இருக்கும் அளவுகோலை எடுப்பதாக இருந்தால் முதலில் உரிமத்தைப் பாருங்கள். மனச்சோர்வை அளக்கும் பி.எச்.க்யூ-9 என்ற கேள்விப் படிவம் இலவசம். மாத்திரை ஒழுங்கை அளக்கப் பலரும் எடுக்கும் மோரிஸ்கியின் 8 கேள்விப் படிவத்துக்கு உரிமம் வாங்க வேண்டும். வேறு தீசிஸில் இருக்கிறதே என்று நகலெடுக்காதீர்கள்.

'மாத்திரையை ஒழுங்காச் சாப்பிடுறீங்களா?' என்று கேட்டால் எல்லோரும் ஆமாம் என்பார்கள். 'வேலை, வெளியூர்னு இருக்கும்போது மாத்திரை விட்டுப்போறது சகஜம். போன 7 நாளில் எத்தனை நாள் விட்டுப்போச்சு?' என்று கேளுங்கள். குற்றம் சாட்டாத கேள்விக்குத்தான் உண்மையான பதில் வரும். கேள்வித்தாளைச் சிலரிடம் மட்டும் முதலில் கேட்டுப் பார்க்கும் முன்சோதனையில் இதைத்தான் பார்க்க வேண்டும்: எந்தக் கேள்வியில் அவர்கள் முகம் சுருங்குகிறது, எதைத் திரும்பச் சொல்லச் சொல்கிறார்கள் என்று.

அளக்கும்போது 180/110-க்கு மேல் வந்தால் கேள்வித்தாளை மூடி வைத்துவிட்டு மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். அவர் முதலில் நோயாளி, உங்கள் தரவு ஆவது அப்புறம்தான்.

படி 6: கருவிகள்

தகவல் சேகரிக்க கோபோடூல்பாக்ஸ் செயலி. போனில், சிக்னல் இல்லாத ஊரிலும் வேலை செய்யும், தமிழில் படிவம் போடலாம், விடுபட்ட பதிலோடு அடுத்த பக்கம் போக விடாதபடியும் அமைக்கலாம். மேற்கோள்களைச் சேமித்து வரிசைப்படுத்த ஜோட்டிரோ மென்பொருள், முதல் கட்டுரையைப் படிக்கும் அன்றைக்கே தொடங்குங்கள். பகுப்பாய்வுக்கு ஜமோவி. இலவசம், காசு கொடுத்து வாங்க வேண்டிய எஸ்.பி.எஸ்.எஸ். புள்ளியியல் மென்பொருள் மாதிரியே மெனுவில் சொடுக்கி வேலை பார்க்கலாம். திருட்டு எஸ்.பி.எஸ்.எஸ். வேண்டவே வேண்டாம்.

பெயர், போன் எண் ஒரு கோப்பிலும், குறியீட்டு எண்ணோடு தரவு வேறு கோப்பிலும் இருக்கட்டும். எல்லோருடைய தரவும் உள்ள மாஸ்டர் சார்ட்டை தீசிஸின் பின்னால் இணைக்கும்போது நோயாளிகளின் பெயரும் அதில் சேர்ந்து போய்விடக் கூடாது.

படி 7: முடிவுகளை எழுதுவது

படி 2-இல் வரைந்த அட்டவணைகளை நிரப்புங்கள். 336 பேரில் 100 பேருக்குக் கட்டுப்பாட்டில் இல்லை என்றால், '29.8% (95% நம்பிக்கை இடைவெளி 24.9–34.7)' என்று எழுதுங்கள். வெறும் பி மதிப்பு (p-value; படி 3-இல் வந்த பி அல்ல, முடிவு தற்செயலா என்று பார்க்க உதவும் எண்) மட்டும் எழுதுவது போதாது. இந்த மாதிரி ஆய்வுகளை எழுதுவதற்கான ஸ்ட்ரோப் (STROBE) சரிபார்ப்புப் பட்டியலின் 22 அம்சங்களை அருகில் வைத்துக்கொண்டு சரிபார்த்தால், தேர்வாளர் கேட்கப்போகும் பல கேள்விகளுக்கு முன்பே பதில் எழுதியிருப்பீர்கள்.

பின்னர் சேர்த்தவை

நர்சிங் படிக்கும் ஒருவர் கேட்டார்: யோகாசனம் கற்றுக்கொடுத்து பிரஷர் குறைகிறதா என்று பார்ப்பதும் மருத்துவச் சோதனைதானா? ஆம், மருந்து இல்லாவிட்டாலும் அது தலையீட்டு ஆய்வு. சி.டி.ஆர்.ஐ.-யில் (இந்திய மருத்துவச் சோதனைப் பதிவகம்) பதிவு செய்யுங்கள், அதுவும் முதல் நபரைச் சேர்ப்பதற்கு முன்பே. 2018 ஏப்ரல் முதல், தொடங்கிவிட்ட சோதனைகளை அவர்கள் பதிவு செய்வதில்லை.

இன்னொருவர் சுகாதார நிலையத்தின் பிரஷர் கிளினிக்கில் உட்கார்ந்து வருகிறவர்களையெல்லாம் சேர்க்கலாமா என்று கேட்டார். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டம் தொடங்கியதிலிருந்து, மாத்திரை வீட்டுக்கே போகும் நோயாளிகள் நிறைய இருக்கிறார்கள். நடக்க முடியாதவர்களும் வயதானவர்களும் அவர்களில் அதிகம். கிளினிக்கில் மட்டும் உட்கார்ந்தால் இவர்கள் யாரும் உங்கள் கணக்கில் வர மாட்டார்கள். பதிவேட்டில் உள்ள எல்லாப் பெயர்களையும் வரிசைப்படுத்தி, அதிலிருந்து குலுக்கல் முறையில் 374 பேரை எடுத்து, வீட்டில் இருப்பவர்களை வீட்டுக்கே போய்ப் பாருங்கள். அலைச்சல் அதிகம்தான், ஆனால் மாத்திரை கொண்டு போகும் தன்னார்வலர் அக்காக்களிடம் அவர்கள் போகும் நாளைக் கேட்டு உடன் போனால் வழியும் தெரியும், கதவும் திறக்கும்.