பீப்பாய் ஸ்டவுட்டில் ஐஸ் போடாதீர்கள்

மலேசியாவில் எங்கள் ஊத்தான் மெலிந்தாங் பக்கம் ஸ்டவுட் என்ற கறுப்பு பீரைக் குடிக்க ஒரே முறைதான். கைப்பிடி வைத்த கிளாஸில் முக்கால்வாசி ஐஸ், அதன்மேல் ஸ்டவுட், ஒரே மூச்சில் பாதி காலி. பெரியப்பாவின் இளமைக் காலத்தில் பச்சை முட்டை ஒன்றையும் உடைத்து ஊற்றுவார்களாம், உடம்புக்குத் தெம்பு என்று. கடை ஸ்டவுட் இதையெல்லாம் தாங்கும். ஆனால் பொங்கலுக்கு அத்தை மகன் சிகாகோவிலிருந்து ஜீன்ஸுக்குள் சுருட்டிக் கொண்டுவந்த, விஸ்கிப் பீப்பாயில் ஊறிய கூஸ் ஐலண்ட் கம்பெனியின் போர்பன் கவுண்டி ஸ்டவுட்டிலும் பெரியப்பா ஐஸ் கேட்டார். “இருங்க பெரியப்பா” என்று கையைப் பிடித்துவிட்டேன்.

பதினெட்டாம் நூற்றாண்டில் லண்டன்காரர்கள் ரஷ்ய அரண்மனைக்குக் காய்ச்சி அனுப்பிய கெட்டியான கறுப்பு பீரின் வழிவந்தது இம்பீரியல் ஸ்டவுட்; போர்பன் கவுண்டியும் அந்த வகைதான். அதைப் பீப்பாயில் ஊறப்போடுவது பின்னால் அமெரிக்கர்கள் பரப்பிய பழக்கம். உள்பக்கம் நெருப்பில் கரியாக்கிய புது ஓக் பீப்பாயில்தான் போர்பன் விஸ்கியை ஊறவைக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். ஒருமுறை பயன்படுத்திய பீப்பாய் மறுபடி போர்பனுக்கு ஆகாது. அதை பீர் காய்ச்சுபவர்கள் வாங்கி, ஸ்டவுட்டை நிரப்பி மாதக்கணக்கில் மூடி வைக்கிறார்கள். காலையில் இறக்கிய கள் சாயங்காலமே புளித்துப் பொங்கும் ஊரில் வளர்ந்த எனக்கு இந்தப் பொறுமை இன்னும் அதிசயம்தான்.

குடிப்பதற்கு முன் ஒரு கணக்கு. இதில் சாராயச் சத்து சுமார் 14 விழுக்காடு. 500 மில்லி போத்தல் என்றால் 70 மில்லி சுத்தச் சாராயம். 5 விழுக்காடு உள்ள 320 மில்லி பீர் டின்னில் 16 மில்லிதான். ஆக, ஒரு போத்தல் நாலு டின்னுக்கும் மேல். அதனால் தனியாகத் திறக்காதீர்கள். ஐந்து பேர், ஆளுக்கு 100 மில்லி, அதுவும் ஒரு மணி நேரத்துக்கு. 21 வயது ஆகாத தம்பிகளுக்குக் கிளாஸ் வேண்டாம். மோட்டாரில் வந்தவர் ராத்திரி தங்கிவிட்டுப் போகட்டும்; 2020க்குப் பிறகு, ஓட்டுபவருக்கு 100 மில்லி மூச்சில் 22 மைக்ரோகிராம் சாராயம்தான் சட்ட எல்லை. சம்சு என்ற மலிவுச் சாராயம் குடித்து அழிந்த குடும்பங்களை எங்கள் லயத்திலேயே பார்த்தவன் நான். இந்தக் கணக்கைச் சொல்லாமல் என்னால் மூடியைத் திறக்க முடியாது.

போத்தலைப் படுக்க வைக்காமல் நிமிர்த்தி, இருட்டில், குளிர்ச்சியாக வையுங்கள். முன்பு கிடைத்த வேறொரு பீப்பாய் ஸ்டவுட்டை அலமாரிமேல், தகரக் கூரைக்குக் கீழே எட்டு மாதம் வைத்திருந்தேன். திறந்தால் கிச்சாப், அதாவது சோயா சாஸ் வாசம். லேசாக இருந்தால் வயதின் குணம் என்று விட்டுவிடலாம். இதுவோ நனைந்த அட்டைப்பெட்டி வாசமும் சேர்ந்து, கோழி வறுவலுக்குக்கூட உதவாமல் போனது. தப்பு முழுக்க என்னுடையது.

ஐஸ்பெட்டியிலிருந்து எடுத்ததும் ஊற்றாதீர்கள். அந்தக் குளிரில் வாசம் எழும்பாது, கசப்பு மட்டும்தான் தெரியும். 12 முதல் 15 டிகிரி வரவேண்டும். நம் வெயிலுக்கு மேசைமேல் அரை மணியிலிருந்து முக்கால் மணி போதும். கிளாஸ் வாய் குறுகி, வயிறு அகன்றிருக்க வேண்டும். கல்யாணப் பரிசாக வந்து கண்ணாடி அலமாரியில் தூங்கும் வைன் கிளாஸ் சரியாக இருக்கும். சவர்க்கார வாசம் போக வெந்நீரில் அலசி, தானாகக் காயவிடுங்கள். சமையலறைத் துணியால் துடைத்தால் அதிலுள்ள கருவாட்டு வாசம் கிளாஸுக்கு வந்துவிடும்.

நேரமும் பாருங்கள். சாப்பாட்டுக்கு முன்னால் நல்லது. சம்பல் சாப்பிட்ட நாக்கில் இது நெருப்பாக எரியும். செம்பனை எண்ணெய் ஆலைப் பக்கமிருந்து காற்றில் நாற்றம் வீசும் சாயங்காலம் என்றால் இன்னொரு நாள் வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஆலையின் ஆய்வகத்தில்தான் எனக்கு வேலை, அதனால் தைரியமாகவே சொல்கிறேன்.

இரண்டு விரல் உயரம் ஊற்றுங்கள். பழைய எஞ்சின் ஆயில் போல இறங்கும். பழுப்பு நுரை கொஞ்சமாக எழும்பிச் சீக்கிரம் அடங்கிவிடும், அது குறையில்லை. கிளாஸைச் சுற்றி ஆட்டி, உள்ளங்கையால் மூடிப் பத்து எண்ணிவிட்டுத் திறங்கள். மூக்கை உள்ளே விடாதீர்கள், சாராயம் சுள்ளென்று ஏறி மற்ற எல்லாவற்றையும் மறைத்துவிடும். விளிம்புக்கு ஒரு விரற்கடை மேலே வைத்து, வாயை லேசாகத் திறந்தபடி, சின்னச் சின்னதாக இழுங்கள். மூக்கு மரத்துப்போனால் சொந்த முழங்கையை முகர்ந்துவிட்டு மறுபடி வாருங்கள். ஆய்வகத்தில் நாங்கள் செய்வதும் அதுதான்.

போத்தலில் எழுதியிருப்பதை அப்போது படிக்காதீர்கள். ஓக், டார்க் சாக்லெட் என்று படித்துவிட்டால் மூக்கு அதையேதான் தேடும். உங்களுக்குத் தெரிந்த வாசத்தைச் சொல்லுங்கள். நான் கோப்பி ஓ, பால் இல்லாத கறுப்புக் கோப்பி என்றேன், அத்தை மகன் குலா மெலாக்கா, நம் தென்னங்கருப்பட்டி என்றான். பெரியப்பா வெகுநேரம் பேசவில்லை. கிளாஸைக் கீழே வைத்தார், திரும்ப எடுத்தார், கண்ணை மூடினார்.

“கொப்பரை கொட்டாய்டா இது. ராத்திரி நெருப்பு போட்டுட்டு, விடியக்காலம் கதவைத் தொறந்தா வருமே, அது.”

பாகான் டத்தோ பக்கம் தென்னந்தோட்டத்தில் கொப்பரை காயவைத்த மனிதர். அவர் சொன்னது வெறும் ஞாபகம் இல்லை. ஓக் மரத்தில் இருக்கும் லாக்டோன் என்ற பொருளுக்குத் தேங்காய் வாசம்தான். மரத்தின் லிக்னின் சூட்டில் உடைந்து வனிலின் ஆகிறது, வனிலா வாசம் அங்கிருந்து. கோப்பி வாசம் பீப்பாயின் வேலையில்லை, கருக வறுத்த பார்லியுடையது.

இப்போது ஒரு தேக்கரண்டி அளவு வாயில் விடுங்கள். விழுங்காமல் நாக்கு முழுக்கப் பரவவிட்டு, பிறகு விழுங்கி, வாயை மூடி மூக்கால் மூச்சை விடுங்கள். பாதி ருசி அந்த மூச்சில்தான் வரும். முதல் மடக்கை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள், அது சாராயத்தின் அதிர்ச்சி. இரண்டாவதில் முதலில் இனிப்பு, நடுவில் மரமும் வனிலாவும், கடைசியில் கோப்பித்தூள் கசப்பு என்று வரிசையாக வரும். புளிப்பு முன்னால் வந்து நின்றால் ஏதோ கெட்டிருக்கிறது. கால்மணிக்கு ஒருமுறை திரும்ப ருசியுங்கள். சூடு ஏற ஏற இனிப்பு பெருகும். எனக்குப் பிடித்தது நாற்பதாவது நிமிடம்.

கூட ஏதாவது வேண்டும் என்றால் ஒரு துண்டு டோடோல் என்ற கறுப்பு இனிப்பு, இல்லை உப்புக் கடலை. முறுக்கு வேண்டாம், அதன் மிளகாய் எல்லாவற்றையும் கெடுக்கும்.

முடிந்ததும் கிளாஸைக் கழுவாமல் கவிழ்க்காமல் அப்படியே விட்டுவிட்டுப் படுங்கள். ராத்திரியில் சாராயம் பறந்துபோய், அடியில் ஒட்டிய துளியில் மரமும் இனிப்பும் தங்கும். விடிந்ததும் எழுந்து அதை முகருங்கள். எங்கள் வீட்டில் அம்மா முந்திக்கொண்டார்கள். கழுவ எடுத்த கிளாஸை மூக்குக்குக் கிட்டே பிடித்துக்கொண்டு கேட்டார்கள்: “ராத்திரி இதுல பாயாசமா குடிச்சீங்க?”