டன்னல் ஏறியதும் வீட்டுக்குக் கிளம்பாதீர்கள்: ஐபிசெக் எஸ்ஏக்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பினாங்கின் பாயான் லெப்பாஸ் பக்கம் நெட்வொர்க் வேலைக்கு வரும் புதுப் பிள்ளைகளுக்கு ஐபிசெக் சொல்லிக்கொடுக்கும் பொறுப்பு சில வருடங்களாக என் தலையில் இருக்கிறது. ஐபிசெக் என்பது இரண்டு இடங்களின் நெட்வொர்க்குகளை இணையத்தின் வழியே குறியாக்கம் செய்து இணைக்கும் முறை. அப்படிப் போடும் இணைப்புதான் டன்னல். கெட்டிக்காரப் பிள்ளைகள்தான். ஆனால் எங்கள் தலைமுறை இடறிய அதே கல்லில் இவர்களும் வரிசையில் நின்று இடறுகிறார்கள். சாவியைத் தப்பாக அடிப்பது, ஃபயர்வாலில் யுடிபி 500, 4500 போர்ட்டுகளைத் திறக்க மறப்பது, இதெல்லாம் இங்கே வேண்டாம். டன்னலே ஏறாது என்பதால் தானாகத் தெரிந்துவிடும். டன்னல் நன்றாக ஏறி, எல்லாரும் கைகுலுக்கிவிட்டுப் போன பிறகு வருகிற வம்புகளைத்தான் சொல்லப்போகிறேன்.

அதற்கு முன் ஒரு சின்னக் கணக்கு. எஸ்ஏ என்பது எந்தச் சாவி, எந்தக் குறியாக்கம் என்று இரு பக்கமும் செய்துகொள்ளும் ஒப்பந்தம். அதைப் பேசி முடிக்கும் நெறிமுறைதான் ஐகேஇ. இரண்டு கேட்வேக்களுக்கு (டன்னலின் இரு முனைப் பெட்டிகள்) நடுவே ஓர் ஐகேஇ எஸ்ஏ இருக்கும். அது பேச்சுவார்த்தைக்கு மட்டும். டிராஃபிக்கைச் சுமப்பவை அதன் கீழே இருக்கும் சைல்டு எஸ்ஏக்கள். ஒவ்வொரு சைல்டும் ஒரு ஜோடி: போவதற்கு ஒன்று, வருவதற்கு ஒன்று. ஒவ்வொன்றுக்கும் தனி எஸ்பிஐ எண் (பாக்கெட் எந்த எஸ்ஏவைச் சேர்ந்தது என்று காட்டும் அடையாளம்), தனிச் சாவி. இந்த மொத்தக் கூட்டத்தையும் சேர்த்துப் பார்க்காமல் ஒன்றை மட்டும் பார்த்து முடிவெடுப்பதில்தான் பாதித் தவறுகள் தொடங்குகின்றன.

பிஎஃப்எஸ் பொருந்தாமல் விடுவது

இன்றும் எனக்கு எரிச்சல் வருவது இதற்குத்தான். எஸ்ஏவின் சாவியை அவ்வப்போது புதுப்பிப்பது ரீகீ. அப்போது பழைய சாவியை நம்பாமல் புதிதாக ஒரு சாவிப் பரிமாற்றம் செய்வது பிஎஃப்எஸ்.

ஒரு தொழிற்சாலை, பெயர் வேண்டாம். சைபர்ஜெயாவில் உள்ள தரவு மையத்துக்கு ஐகேஇ இரண்டாம் பதிப்பில் டன்னல் போட்டார்கள். சாயங்காலம் ஆறு மணிக்கு ஏறியது. பிங் போனது. பச்சை விளக்கைப் படம் பிடித்து வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டுக் கிளம்பிவிட்டார்கள். ஏழு மணி தாண்டிச் சில நிமிடங்களில் தொடர்பு செத்தது. அங்கே ஏழு மணி என்பது ஷிஃப்ட் மாறும் நேரம். எல்லாரும் ஒன்றாக லாகின் செய்வதால் லைன் திணறுகிறது என்றார் ஒருவர். பாலத்தில் ரோட்டு வேலை நடக்கிறது, கேபிளை வெட்டியிருப்பார்கள் என்றார் இன்னொருவர். இரவுப் பணியில் இருந்த பையன் டன்னலை ரீஸ்டார்ட் செய்தான், வேலை செய்தது. எட்டு மணி தாண்டியதும் மறுபடி செத்தது.

"அண்ணே, ரீஸ்டார்ட் பண்ணா சரியாயிடுது."

"அதான் தம்பி பிரச்சினையே."

நான் போய்ப் பார்ப்பதற்குள் 50 நிமிடத்துக்கு ஒருமுறை டன்னலை ரீஸ்டார்ட் செய்ய யாரோ கிரானில் (வேலைகளைக் குறித்த நேரத்தில் தானாக ஓட்டும் வசதி) ஒரு வரி போட்டிருந்தார்கள். அதையாவது ஒழுங்காகப் போட்டிருக்கலாம். நட்சத்திரம், சாய்கோடு, 50 என்று எழுதினால் கிரான் 50 நிமிடத்துக்கு ஒருமுறை ஓடாது. ஒவ்வொரு மணியிலும் 0-வது, 50-வது நிமிடங்களில் ஓடும்.

நடந்தது இதுதான். ஒரு பக்கம் பிஎஃப்எஸ்ஸுக்கு டிஃபி-ஹெல்மன் (சாவிப் பரிமாற்ற முறை) குரூப் 14 வைத்திருந்தார்கள், மறு பக்கம் பிஎஃப்எஸ்ஸே இல்லை. அப்படியிருந்தும் டன்னல் ஏறியது எப்படி? ஐகேஇ இரண்டாம் பதிப்பில் முதல் சைல்டு எஸ்ஏ, அடையாளம் சரிபார்க்கும் கட்டத்திலேயே கூடவே பிறந்துவிடுகிறது. அதற்கென்று தனியாகச் சாவிப் பரிமாற்றம் கிடையாது. ஐகேஇ எஸ்ஏ செய்த பரிமாற்றத்திலிருந்தே சாவி எடுத்துக்கொள்கிறது. அதனால் குரூப் பொருந்துகிறதா என்று அப்போது யாரும் கேட்பதில்லை. ரீகீ நேரம் வரும்போதுதான் முதன்முறையாகக் கேட்கப்படுகிறது. ஸ்ட்ராங்ஸ்வான் என்ற ஐபிசெக் மென்பொருளில் யாரும் மாற்றாவிட்டால் சைல்டு ரீகீக்கு ஒரு மணி நேரம். ரீகீ தோற்றால் பழைய எஸ்ஏ இன்னும் ஆறு நிமிடம் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்துவிட்டுப் போய்விடும். ஏழு தாண்டிச் சில நிமிடம் என்ற கணக்கு அங்கிருந்து வந்தது, ஷிஃப்டிலிருந்து அல்ல.

இதில் கொடுமை, ஐகேஇ எஸ்ஏவுக்கு ஒன்றும் ஆகாது. அது உயிரோடு இருப்பதால் பச்சை விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். உள்ளே சைல்டு ஒன்றுகூட இருக்காது. ரீஸ்டார்ட் செய்தால் அடையாளக் கட்டம் மறுபடி நடந்து, முதல் சைல்டு மறுபடி கேள்வி கேட்காமல் பிறக்கும். இன்னொரு மணி நேரம் ஓடும். ஐகேஇ முதல் பதிப்பில் பழகியவர்கள் இதில் அதிகம் மாட்டுவதற்குக் காரணம் உண்டு: அங்கே பொருந்தாத பிஎஃப்எஸ் பெரும்பாலும் ஆரம்பத்திலேயே முட்டிக்கொள்ளும்.

லாகில் 'நோ புரொப்போசல் சோசன்' (முன்மொழிந்தது எதுவும் பொருந்தவில்லை) என்ற செய்தி எந்த நேரத்தில் விழுந்திருக்கிறது என்று பாருங்கள். டன்னல் ஏறிய நேரத்திலா, ஒரு மணி கழித்தா? அதிலேயே பாதி பதில் இருக்கிறது. இன்னொரு தடயமும் உண்டு. ஒரே ஐகேஇ எஸ்ஏவின் கீழ் இரண்டு சைல்டு வைத்திருந்து, முதல் சப்நெட் (நெட்வொர்க்கின் ஓர் உட்பகுதி) ஓடுகிறது, இரண்டாவது ஆரம்பத்திலிருந்தே ஏறவில்லை என்றால், ரூட்டிங்கைக் குடைவதற்கு முன் பிஎஃப்எஸ்ஸைப் பாருங்கள். இரண்டாவது சைல்டு ரீகீ போகும் அதே வாசல் வழியாகத்தான் வரவேண்டும்.

சோதிக்க ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டாம். டன்னல் ஏறிய கையோடு ஸ்ட்ராங்ஸ்வானின் ஸ்வான்சிடிஎல் கட்டளையில் ரீகீ தேர்வைக் கொடுத்து, சைல்டின் பெயரைச் சொல்லித் தட்டுங்கள். எஸ்பிஐ எண்கள் இரண்டும் மாறி, பிங் நிற்காமல் போனால் சரி. ஐகேஇ எஸ்ஏவையும் அப்படியே ஒருமுறை தட்டுங்கள். இரண்டும் தேறிய பிறகு வாட்ஸ்அப்பில் படம் போடலாம். ஃபயர்வாலில் அந்த வசதி இல்லையென்றால் எஸ்ஏவின் ஆயுளைத் தற்காலிகமாக ஐந்து நிமிடமாகக் குறைத்துவிட்டு ஒரு தே தாரிக் குடித்துவிட்டு வாருங்கள். வந்ததும் ஆயுளைப் பழையபடி மாற்ற மறக்காதீர்கள். அப்படி மறந்த கதைகளும் என்னிடம் உண்டு.

சப்நெட் ஜோடிக்கு ஒரு சைல்டு

இந்தப் பக்கம் ஆறு சப்நெட், அந்தப் பக்கம் நான்கு. ஜோடிக்கு ஒன்று என்று போட்டால் 24 சைல்டு, 48 எஸ்ஏ. எல்லாம் ஒரே நேரத்தில் ஏறியதால் ரீகீயும் ஏறக்குறைய ஒன்றாக வந்து விழும். ஒரு சைல்டுக்கு ஒரு ஜோடிதான் என்பது முதல் பதிப்பின் கட்டாயம். இரண்டாம் பதிப்பில் ஒரே சைல்டுக்குள் பல சப்நெட்டுகளை அடக்கலாம். ஆனால் சில ஃபயர்வால்கள் முதல் ஜோடியை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதைச் சத்தமில்லாமல் விட்டுவிடும், எதிர்ப்பக்கத்துக்காரரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். முடிந்தால் ரூட் அடிப்படையிலான டன்னலுக்கு (எது உள்ளே போவது என்பதை ரூட்டிங்கே முடிவு செய்யும்) போய்விடுங்கள்.

இரு பக்கமும் ஒரே ஆயுள்

இரண்டாம் பதிப்பில் ஆயுளைப் பற்றிப் பேச்சுவார்த்தையே இல்லை. அவரவர் கடிகாரம் அவரவருக்கு. இரண்டும் ஒன்றாக இருந்தால் இருவரும் ஒரே நொடியில் ரீகீ கேட்பார்கள். இந்த மோதலை எப்படித் தீர்ப்பது என்று இரண்டாம் பதிப்பின் விதி ஆவணமான ஆர்எஃப்சி 7296 சொல்கிறது, எல்லாப் பெட்டிகளும் அதை நன்றாகச் செய்கின்றன என்று நான் சொல்லமாட்டேன். ஒரு பக்கத்துக்குக் குறைத்து வையுங்கள்.

ஒரு பக்கம் மட்டும் துடைப்பது

செய்யாதீர்கள். எஸ்ஏவைக் கர்னலில் (இயங்குதளத்தின் மையப் பகுதி) கையால் துடைத்தால் எதிர்ப்பக்கத்துக்குத் தெரியாது. செத்த எஸ்பிஐக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். ஐகேஇ வழியாக நீக்குங்கள்.

ஏஎச், அதன் மேல் இஎஸ்பி

ஏஎச் பாக்கெட் மாற்றப்படவில்லை என்று மட்டும் உறுதிசெய்யும், இஎஸ்பி குறியாக்கமும் செய்யும். இரண்டையும் சேர்த்துப் போடுவது, 1998-இல் வந்த ஐபிசெக் விதி ஆவணமான ஆர்எஃப்சி 2401 காலத்து அடுக்கு. 2005-இல் 4301 வந்தபோதே இப்படி எஸ்ஏக்களைக் கட்டாகக் கட்டும் கட்டாயம் போய்விட்டது.

குரலும் கோப்பும் ஒரே எஸ்ஏவில்

இஎஸ்பி ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் வரிசை எண் போடுகிறது. பெறுபவர் ஒரு சின்ன விண்டோ வைத்துக்கொண்டு, அதற்குப் பின்னால் விழும் எண்களைப் பழைய பாக்கெட் என்று தூக்கிப் போட்டுவிடுவார். வழக்கமான அளவு 64. குறியாக்கம் முடிந்த பிறகு க்யூஓஎஸ் (டிராஃபிக்குக்கு முன்னுரிமை தரும் ஏற்பாடு) குரல் பாக்கெட்டுகளை முன்னால் தள்ளினால் விண்டோ அவற்றோடு நகர்ந்துவிடும், பின்னால் வரும் கோப்புப் பாக்கெட்டுகள் சாகும். பேச்சு தெளிவாக இருக்கும். பேக்கப் மட்டும் ஊர்ந்து போகும். விண்டோவைப் பெரிதாக்குங்கள், அல்லது டிஎஸ்சிபி (பாக்கெட்டில் உள்ள முன்னுரிமைக் குறி) வகைக்கு ஒரு சைல்டு கொடுங்கள். 4301 அதை அனுமதிக்கிறது. லினக்ஸில் எக்ஸ்ஃப்ரம் (கர்னலில் ஐபிசெக்கைக் கையாளும் பகுதி) புள்ளிவிவரக் கோப்பில் வரிசைப் பிழைக்கென்று ஒரு கணக்கு இருக்கும். அது ஏறிக்கொண்டே இருந்தால் லைன்காரர்களுக்குப் போன் போட்டுச் சண்டை பிடிப்பதில் பயனில்லை.