வினையைப் பற்றிப் பேசக் கிளம்புகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருவொற்றியூர் தேரடிக்குப் பக்கத்தில் ஒரு மாடி அறையில் வியாழக்கிழமைதோறும் திருமுறை வகுப்பு எடுக்கிறேன். 19 வருடமாகிறது. சென்ற மாதம் தண்டையார்பேட்டையில் ஒரு பதினாறாம் நாள் காரியத்துக்குப் போயிருந்தேன். சைவ சித்தாந்தப் பயிற்சி முடித்துச் சான்றிதழ் வாங்கிய தம்பி ஒருவர் எழுந்து, வினை, அதாவது கர்மம் பற்றிப் பேசினார். இரண்டாவது வாக்கியத்திலேயே எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. சொல்லுக்குச் சொல் நான் பழைய நாளில் பேசியது. பதம் பிரிக்கத் தடுமாறுவது, பாட்டு பாதியில் மறந்துபோவது எல்லாம் நாளடைவில் தானே சரியாகிவிடும். அவற்றை இங்கே எழுதவில்லை.

‘இந்து மதம் என்ன சொல்கிறது என்றால்...’

இப்படித் தொடங்காதீர்கள். பிறவி அறுவதுதான் முடிவான பயன் என்பதில் பெரிய சண்டை இல்லை. அறுந்தபின் என்ன என்று கேட்டால் ஆளுக்கொரு பக்கம் கைகாட்டுவார்கள். அத்வைதிக்கு, தான் பிரம்மமே என்று உணர்வதுதான் வீடு, அதாவது முக்தி. ஸ்ரீவைஷ்ணவருக்கு வைகுண்டத்தில் செய்யும் கைங்கரியம். சைவ சித்தாந்திக்கு, தாளும் தலையும் சேர்ந்து ‘தாடலை’ ஆவதுபோல, இரண்டாயிருந்தும் பிரிவின்றி நிற்பது. யார் வீட்டுச் சமையல் என்று சொல்லிவிட்டுப் பரிமாறுங்கள்.

சுவரில் மாட்டிய கீதை

‘எது நடந்ததோ அது நன்றாகவே நடந்தது’ என்று டிபன் கடைகளில் மாட்டியிருக்கும் படத்தைப் பார்த்துக் கீதை பேசாதீர்கள். 18 அத்தியாயம், 700 சுலோகம் தேடினாலும் அந்த வரி கிடைக்காது. நானும் மேடையில் சொல்லியிருக்கிறேன். முன்வரிசையில் இருந்த ஒரு பெரியவர் எந்த அத்தியாயம் என்று கேட்டுவிட்டார். எட்டாவது என்றேன்.

இழவு வீட்டில் வினைக்கணக்கு

எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரி மோதி ஒரு பையன் போய்விட்டான். 22 வயது. அவனுடைய அம்மா எங்கள் வகுப்புக்கு வாரம் தவறாமல் வருகிறவர். வியாழக்கிழமைச் சுண்டல் அவர் கையால்தான். தூக்குவாளியில் சூடு ஆறாமல் வரும். துக்கம் கேட்கப் போனவன் பேசாமல் உட்கார்ந்துவிட்டு வந்திருக்கலாம். அப்போதுதான் சித்தாந்தத்தின் மூல நூலான சிவஞானபோதம் 12 சூத்திரமும் பாடம் கேட்டு முடித்திருந்தேன். கண்ணில் பட்டதெல்லாம் ஆணவம், கன்மம், மாயை என்ற மும்மலமாகத் தெரிந்த காலம். சேர்ந்து கிடக்கும் வினை சஞ்சிதம், இப்போது அனுபவிப்பது பிராரத்தம், இனிப் பலன் தர இப்போது செய்வது ஆகாமியம் என்று மூன்றையும் அந்தத் திண்ணையிலேயே விரித்துவிட்டேன். களஞ்சியத்தில் கிடக்கும் நெல், இலையில் விழுந்த சோறு, இனி விதைக்கப்போகிற விதை என்று உவமை வேறு. “இலையில் விழுந்ததை உண்டுதானே தீர வேண்டும், அம்மா” என்றேன்.

அவர் மடியில் பையனுடைய ஹெல்மெட் இருந்தது. அதன் வாரை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தார். நிமிராமலே கேட்டார்: “என் பிள்ளை செய்த பாவம் என்கிறீர்களா, ஐயா? அப்படியென்றால் லாரிக்காரன் பேரில் தப்பே இல்லையா?”

எனக்கு வாயடைத்துவிட்டது. இத்தனைக்கும் பதில் நான் படித்த பாடத்திலேயே இருக்கிறது. லாரியை ஓட்டியவன் செய்தது அவனுக்கு ஆகாமியம். ஒருவனுடைய பிராரத்தம் இன்னொருவனுடைய குற்றத்தைக் கழுவிவிடாது. தவிர, வினை சடம். அது தானே ஆளைத் தேடிப் போய்ச் சேராது, கூட்டுவிப்பவன் இறைவன் என்பதுதான் சித்தாந்தம். அவன் வைத்திருக்கும் ஏட்டை எட்டிப் பார்த்தவன்போல நான் எதற்குப் பேச வேண்டும்?

இந்த ஊர்க் கோயிலில்தான் மகிழ மரத்தடியில், உன்னைப் பிரியேன் என்று தான் மணக்கவிருந்த சங்கிலியாருக்குச் சத்தியம் செய்தார் சுந்தரர். அதை மீறி ஊர் எல்லையைத் தாண்டியதும் கண்ணிழந்தார் என்கிறது பெரியபுராணம். தன் பிழை என்று அவர் பாடினார், அவர் பாடலாம். அடுத்தவர் வீட்டு வாசலில் நின்று அந்த வரியைச் சொல்ல நமக்கு என்ன உரிமை இருக்கிறது?

சம்பந்தர் கொடிமாடச்செங்குன்றூருக்கு, அதாவது இன்றைய திருச்செங்கோட்டுக்குப் போனபோது அடியார்களைக் குளிர்சுரம் பிடித்து ஆட்டியது. விதி, பொறுத்துக்கொள்ளுங்கள் என்று அவர் உபதேசம் செய்யவில்லை. ‘அவ்வினைக்கு இவ்வினை’ என்று சொல்லிக்கொண்டு, உய்யும் வழியைத் தேடாமல் இருப்பது உங்களுக்குக் குறையல்லவா என்று பாட்டின் தொடக்கத்திலேயே கடிந்துகொள்கிறார். இந்தப் பதிகத்தை நான் நூறு தடவையாவது பாடியிருப்பேன். அன்றைக்கு அந்தத் திண்ணையில் ஒரு வரி நினைவுக்கு வரவில்லை.

பதினாறாம் நாளுக்கு எனக்குச் சொல்லி அனுப்பவில்லை. அந்த அம்மா வகுப்பையும் விட்டுவிட்டார். காலடிப்பேட்டை மார்க்கெட்டில் எதிரே வந்தால் ஏதாவது ஒரு கடைப் பக்கம் திரும்பிக்கொள்கிறார். 11 வருடமாக இதுதான்.

தண்டையார்பேட்டைத் தம்பியும் அதே இலையையும் சோற்றையும்தான் எடுத்து வைத்தார். எங்கே கேட்டீர்கள் என்று விசாரித்தால், சுற்றி வளைத்து என் வகுப்பிலேயே வந்து நின்றது. “பின்னே அங்கே என்னதான் பேசுவது, ஐயா?” என்றார். “பாடுங்கள் தம்பி, விளக்காதீர்கள்” என்றேன். அவர் முகத்தில் திருப்தி இல்லை. இரண்டு வருடம் படித்ததை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்ற ஏக்கம். எனக்கும் இருந்ததுதான்.

சிவபுராணம் ஏணிப்படி அல்ல

புல், பூடு, புழு, மரம் என்று திருவாசகத்தின் சிவபுராணம் அடுக்குவதைப் பார்த்து, உயிர் கீழிருந்து படிப்படியாக மேலே ஏறுகிறது என்று படம் வரைந்து காட்டுகிறார்கள். முழுக்கப் படியுங்கள். பாம்புக்குப் பின் கல் வருகிறது, மனிதருக்குப் பின் பேய் வருகிறது. தேவராகப் பிறந்ததையும் சேர்த்துத்தான் மாணிக்கவாசகர் ‘பிறந்திளைத்தேன்’ என்கிறார். இளைப்பைச் சொல்கிற இடத்தில் பதவி உயர்வுப் பட்டியல் போடாதீர்கள்.

புண்ணியம் சேர்த்தால் வீடு

கிடைக்காது. பொன் விலங்கும் விலங்குதான். புண்ணியம் தீர்ந்தால் சுவர்க்கத்திலிருந்தும் இறங்கி வர வேண்டும்.

84 லட்சம் யோனி

பிறவி வகை இத்தனை என்று சொன்னால், எண்ணிக் காட்டச் சொல்லி ஒரு பையன் கேட்பான். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

நாடி பார்ப்பது

போன பிறவியில் யாராக இருந்தேன் என்று தெரிந்துகொள்ள ஆசைப்பட்டு, வகுப்பு முடிந்ததும் ஓரமாக வந்து நாடி சோதிடர் விலாசம் கேட்பார்கள். கொடுக்காதீர்கள்.