வெளிநாட்டுத் தமிழ்ப் பள்ளியின் வரலாற்றைச் சென்னையிலிருந்தே எழுதுவது எப்படி

முதலில் ஆட்களைத் தேடுங்கள், காகிதம் அப்புறம். அங்கே வாரக்கடைசி வகுப்பு எடுத்துவிட்டு இப்போது அண்ணா நகரிலோ மயிலாப்பூரிலோ பிள்ளைகளோடு இருக்கும் ஆசிரியர்களிடம் "எந்த வருஷம் தொடங்கினீங்க" என்று மட்டும் கேட்டு நிறுத்தாதீர்கள், முதல் வகுப்பு யார் வீட்டுக் கூடத்தில் நடந்தது, எந்தப் பாடநூல், வாடகை யார் கொடுத்தது என்று கேட்டால்தான் கதை வரும். ஆண்டுவிழா அழைப்பிதழ் கிடைத்தால் இரண்டு பக்கமும் படம் எடுங்கள். தேதி, அரங்கம், நன்கொடையாளர் பெயர் எல்லாம் அதில் இருக்கும்.

மலேசியா, சிங்கப்பூர் பள்ளி என்றால் வேர் ரொம்ப ஆழம். பினாங்கில் 1816லேயே தமிழ் வகுப்பு நடந்தது. சிங்கப்பூரில் 1946இல் உமறுப்புலவர் தமிழ்ப் பள்ளியைத் தொடங்கியவர்கள் கடையநல்லூர்க்காரர்கள், அதனால் நிறுவியவர்களின் சொந்த ஊரிலும் விசாரியுங்கள், பழைய கடிதங்கள் அங்கே பெட்டிக்குள் கிடக்கலாம். பழைய இதழ்களுக்குத் தரமணி ரோஜா முத்தையா நூலகம். போகும் முன் போன் செய்துவிடுங்கள்.

இரண்டு பேர் இரண்டு வருஷம் சொன்னால், சரி, இரண்டையும் பெயரோடு எழுதி வையுங்கள்.