பல் எக்ஸ்ரே சென்சார்: பெட்டியைப் பிரிப்பது முதல் நல்ல படம் வரை

புது சென்சார் வந்த அன்று நான் செய்த முதல் காரியமே தப்பு. பெட்டியைப் பிரித்த வேகத்தில் யுஎஸ்பி கேபிளைக் கணினியில் செருகிவிட்டேன். விண்டோஸ் தன் இஷ்டத்துக்கு ஏதோ ஒரு டிரைவரைப் போட்டுக்கொண்டது. அப்புறம் சரியான டிரைவரை நிறுவியும் மென்பொருள் சென்சாரைக் கண்டுகொள்ளவே இல்லை. எல்லாவற்றையும் நீக்கிவிட்டு மறுபடி போட்டு முடிக்க அரை நாள் ஆனது. கையேட்டின் முதல் பக்கத்திலேயே தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள்: முதலில் மென்பொருள், பிறகு சென்சார்.

ஃபிலிமுக்குப் பதிலாக வாய்க்குள் வைக்கும், கேபிளோடு வரும் சென்சாரைப் பற்றித்தான் இந்த விளக்கம். படம் எடுத்தபின் ஸ்கேனருக்குள் விட்டுப் படிக்கும் பாஸ்பர் தகடு வேறு வகை. பல் மருத்துவர்கள் பேச்சில் கேபிள் சென்சாருக்கு ஆர்விஜி என்று பெயர். பிரான்சிஸ் மூயென் உருவாக்கிய முறையை 1987-ல் ட்ரோஃபி என்ற பிரெஞ்சு நிறுவனம் 'ரேடியோவிசியோகிராஃபி' என்று சந்தைக்குக் கொண்டுவந்தது. அதன் சுருக்கம் இன்றைக்கு எந்தக் கம்பெனி சென்சாருக்கும் ஒட்டிக்கொண்டுவிட்டது.

சென்சாருக்குள் எக்ஸ்கதிர் பட்டால் ஒளிரும் ஒரு மெல்லிய அடுக்கு இருக்கும், பெரும்பாலும் சீசியம் அயோடைடு. அந்த வெளிச்சத்தை அடியில் உள்ள சில்லு படமாக்குகிறது. இவ்வளவும் சில மில்லிமீட்டர் தடிமனுக்குள் அடங்கியிருப்பதால், ஒருமுறை கீழே விழுந்தாலே போச்சு.

படி 1: கணினியைத் தயார் செய்யுங்கள்

படம் பார்க்கும் மென்பொருள், டிரைவர், காலிப்ரேஷன் ஃபைல், இந்த வரிசையில் நிறுவுங்கள். மூன்றாவதைத்தான் புதியவர்கள் தவறவிடுகிறார்கள். ஒவ்வொரு சென்சாரிலும் வேலை செய்யாத சில புள்ளிகள் பிறவியிலேயே இருக்கும். அவற்றைச் சரிக்கட்டும் ஃபைல் அந்தச் சென்சாரின் சீரியல் எண்ணுக்கு மட்டுமே பொருந்தும். இரண்டு அறைகளுக்கு மாற்றி மாற்றி எடுத்துப் போகும் சென்சார் என்றால் இரண்டு கணினிகளிலும் அது இருக்க வேண்டும்.

இப்போது சென்சாரைச் செருகலாம். கணினியிலுள்ள போர்ட்டிலேயே நேரடியாகச் செருகுங்கள். மின்சாரம் போதாத யுஎஸ்பி ஹப் வழியாகப் போனால் நடுவில் தொடர்பு அறுந்துபோகும். விண்டோஸின் பவர் அமைப்புகளில் யுஎஸ்பி போர்ட்டைத் தூங்கவைக்கும் வசதியையும் அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் நோயாளி வாயைத் திறந்து காத்திருக்கும் நேரமாகப் பார்த்து சென்சார் காணாமல் போகும்.

படி 2: எக்ஸ்போஷர் நேரத்தைக் கண்டுபிடியுங்கள்

எக்ஸ்போஷர் நேரம் என்பது கதிர் பாயும் நேரம். ஃபிலிம் காலத்து நேரத்தை அப்படியே வைத்துக்கொண்டு சென்சாருக்கு மாறினால், நோயாளிக்குத் தேவையில்லாத கதிர். உங்களுக்குக் கருகிப்போன படம். ஒரு மணி நேரம் ஒதுக்கி இதை நிதானமாகச் செய்யுங்கள்.

சுத்தம் செய்து கிருமிநீக்கம் செய்த ஒரு பிடுங்கிய கடைவாய்ப்பல்லை மெழுகில் நிறுத்தி சென்சார் மேல் வையுங்கள். படிப்படியாகத் தடிமன் கூடும் அலுமினியத் துண்டு (ஸ்டெப் வெட்ஜ்) இருந்தால் இன்னும் நல்லது. எக்ஸ்ரே கருவி 60 முதல் 70 கிலோவோல்ட்டில் இருக்கட்டும். 0.04 விநாடியில் தொடங்கி 0.08, 0.12, 0.16, 0.20 என்று ஏற்றிக்கொண்டே போய், ஒவ்வொரு படத்தையும் அதன் நேரத்தோடு சேமியுங்கள். ஒவ்வொரு முறையும் அறைக்கு வெளியே போய்த்தான் பொத்தானை அழுத்த வேண்டும்.

இதைத் தொடங்குமுன் மென்பொருளின் தானியங்கி வெளிச்சத் திருத்தத்தை அணைத்துவிடுங்கள். அது இருந்தால் நல்ல படமும் மோசமான படமும் ஒரே மாதிரி பளிச்சென்று தெரியும், உங்களுக்கு ஒன்றும் புரியாது.

படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மணல் தூவியது போல் பொரிப்பொரியாக இருந்தால் நேரம் போதவில்லை. எனாமலின் ஓரம் போன்ற மெல்லிய பகுதிகள் கறுப்பில் கரைந்துவிட்டால் நேரம் அதிகம். வேர் நுனி தெளிவாகத் தெரியும் படங்களில் மிகக் குறைந்த நேரம் எதுவோ, அதுதான் உங்கள் தொடக்கம். வெறும் பல்லைச் சுற்றிக் கன்னமும் எலும்பும் இல்லை என்பதால் உண்மையான நோயாளிக்குக் கொஞ்சம் கூட்ட வேண்டியிருக்கும். அதைச் சென்சாரோடு வந்த அட்டவணையோடு ஒப்பிட்டு முடிவு செய்யுங்கள். பெரியவர் முன்பல், பெரியவர் கடைவாய், குழந்தை என்று தனித்தனியாக ஒரு தாளில் எழுதி ஸ்விட்ச் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள்.

பழைய கருவிகள் சிலவற்றில் டைமர் இவ்வளவு குறைந்த நேரத்துக்கு இறங்காது. அப்படியென்றால் மாற்ற வேண்டியது கருவியைத்தான்.

படி 3: யார் எங்கே நிற்பது

சுவருக்கு அப்பால் நிற்பது உத்தமம். முடியாவிட்டால் கதிர்க் குழாய்க்கும் நோயாளிக்கும் குறைந்தது 2 மீட்டர் தள்ளி, கதிர் போகும் திசைக்கு 90 முதல் 135 டிகிரி கோணத்தில் நில்லுங்கள். தூரம் இரட்டிப்பானால் கதிர் கால் பங்காகும், அதனால் ஒரு அடி பின்னால் போவதும் வீணில்லை. குழாய் முனையில் வட்டத்துக்குப் பதில் செவ்வகக் காலிமேட்டர் (கதிரைக் குறுக்கி விடும் முனை) மாட்டினால் நோயாளி மேல் படும் பரப்பு பாதிக்கும் கீழே குறையும். பாதுகாப்புக்காக நீங்கள் வாங்கக்கூடிய பொருள்களில் இதற்குத்தான் என் முதல் ஓட்டு.

'ஈயக் கவசம் போடவில்லையே' என்று நோயாளி கேட்பார். வயிற்றுக் கவசமும் தைராய்டு காலரும் இனி வழக்கமாகத் தேவையில்லை என்று அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் 2024-ல் பரிந்துரைத்தது. ஆனால் உங்கள் இடத்துச் சட்டம் கேட்டால் போட்டே ஆக வேண்டும். நன்றாக எடுத்த ஒரு சிறிய படத்தின் கதிர் அளவு சில மைக்ரோ சீவர்ட்தான் (சீவர்ட் என்பது உடலில் படும் கதிரை அளக்கும் அலகு). இயற்கையிலிருந்தே உலக சராசரியாக ஒருவருக்கு ஆண்டுக்கு 2.4 மில்லி சீவர்ட், அதாவது நாளைக்குச் சுமார் 6.5 மைக்ரோ சீவர்ட் வந்துகொண்டிருக்கிறது. இப்படிச் சொன்னால் பெரும்பாலானவர்கள் சமாதானமாகிவிடுவார்கள்.

நோயாளிக்கு அது ஒரு படம். உங்களுக்கோ நாள் முழுக்க, வருஷக்கணக்கில். அதனால் சென்சாரை உங்கள் விரலால் வாய்க்குள் பிடித்துக்கொண்டு படம் எடுப்பது ஒருபோதும் கூடாது. நியூ ஆர்லியன்ஸ் பல் மருத்துவர் எட்மண்ட் கெல்ஸ், எக்ஸ்ரே வந்த புதிதில் தன் கையையே கதிருக்கு முன்னால் காட்டிக் கருவியைச் சரிபார்ப்பார். பின்னாளில் அந்தக் கையில் புற்றுநோய் வந்து, அறுவை மேல் அறுவை நடந்து, 1928-ல் இறந்தார்.

படி 4: உறை போடுங்கள்

சென்சாரை ஆட்டோகிளேவில் (சூடான நீராவியால் கிருமிநீக்கும் கருவி) வைக்க முடியாது. அதனால் ஒவ்வொரு நோயாளிக்கும் புது பிளாஸ்டிக் உறை, கழற்றியபின் தயாரிப்பாளர் அனுமதித்த கிருமிநாசினித் துணியால் துடைப்பு, இரண்டும் வேண்டும். உறை கிழிந்திருக்கலாம் என்பதால்தான் துடைப்பதும் கட்டாயம். கையேடு அனுமதிக்காமல் திரவத்தில் முக்க வேண்டாம்.

உறையைக் கழற்றும்போது ஒரு கையால் சென்சாரின் உடலைப் பிடித்துக்கொள்ளுங்கள். கேபிளைப் பிடித்து இழுத்தால் கேபிள் சேரும் இடம்தான் முதலில் விட்டுப்போகும்.

படி 5: படம் எடுங்கள்

நோயாளியின் பெயரை மென்பொருளில் முதலில் திறந்துகொள்ளுங்கள். முந்தைய ஆளின் கோப்பில் போய் விழுந்த படத்தைத் தேடுவது போல் எரிச்சலான வேலை வேறில்லை.

ஃபிலிம் வளையும், சென்சார் வளையாது. பல்லோடு ஒட்டிவைக்கப் பார்த்தால் ஈறில் குத்தும். சென்சாரைத் தாங்கிப் பிடிக்கும் ஹோல்டரில் மாட்டி, பல்லிலிருந்து தள்ளி வாயின் நடுப்பக்கமாக வையுங்கள். மேலண்ணத்தில் குழிவு அங்கேதான் ஆழம். கீழ்க்கடைவாய்க்கு நாக்கைத் தளர்த்தச் சொல்லி, சென்சாரைச் சற்றுச் சாய்த்தபடி நாக்குக்கும் பல்லுக்கும் இடையில் இறக்குங்கள். அவர் மெதுவாக வாயை மூட மூட நீங்கள் நிமிர்த்துங்கள். வாய் மூடும்போதுதான் நாக்கின் அடித்தசை தளர்ந்து இடம் கொடுக்கும். கடிப்பது ஹோல்டரை மட்டும்தான், கேபிள் பல்லுக்கு நடுவே மாட்டக் கூடாது. குமட்டுகிறவரை மூக்கால் மூச்சு விட்டபடி ஒரு காலைத் தூக்கி வைத்திருக்கச் சொல்லுங்கள். கவனம் காலுக்குப் போகும், பலமுறை பலித்திருக்கிறது.

குழாயை ஹோல்டரின் வளையத்தோடு பொருத்தி, மென்பொருள் தயார் என்று காட்டுகிறதா பார்த்துவிட்டு அழுத்துங்கள். சில விநாடிகளில் படம் வந்துவிடும். இந்த வேகம்தான் ஆபத்தும்கூட: 'இன்னொன்று எடுத்துவிடலாமே' என்று கை தானாகப் போகும். மறுபடி எடுக்குமுன் எதை மாற்றப்போகிறீர்கள் என்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். படத்தின் ஒரு பக்கம் வெறும் வெள்ளையாக வெட்டுப்பட்டிருந்தால் குழாய் விலகியிருக்கிறது. பல் நீண்டு தெரிந்தால் செங்குத்துக் கோணம் (குழாயின் மேல்-கீழ் சாய்வு) குறைவு, குட்டையாகத் தெரிந்தால் அதிகம். சொல்ல எதுவும் வரவில்லையென்றால் இருக்கிற படத்தை மருத்துவரிடம் காட்டுங்கள். அவருக்கு வேண்டிய வேர் நுனி அதிலேயே இருக்கலாம்.

படி 6: எடுத்து வையுங்கள்

சென்சாருக்கென்று சுவரில் ஒரு கொக்கியோ தாங்கியோ வைத்துவிடுங்கள். கேபிளைப் பெரிய வளையமாகத் தளர்வாகச் சுற்றுங்கள். கருவியின் கையில் இறுக்கிச் சுற்றுவது, நாற்காலிச் சக்கரத்துக்கு அடியில் விடுவது, இரண்டும் கேபிளைக் கொல்லும்.

படி 2-ல் எடுத்த பல்லின் படத்தை அழிக்காமல் வைத்திருங்கள். மாதம் ஒருமுறை அதே பல், அதே நேரம், அதே தூரத்தில் எடுத்து ஒப்பிட்டால் சென்சார் மங்குவது கண்ணுக்குத் தெரியும். ஒருநாள் படத்தில் திடீரென்று ஒரு கோடு முளைத்தால், வேறு கணினியில் காலிப்ரேஷன் ஃபைலோடு மாட்டிப் பாருங்கள். அங்கே மறைந்தால் கோளாறு முதல் கணினியில், அங்கேயும் அதே இடத்தில் நின்றால் சென்சாரில்.