எச்டிஎம்எக்ஸ் 1 இலிருந்து 2க்கு: நீக்கும் பொத்தானில் ஒரு கண்

நிலாவெளியில் என் மைத்துனர் புறாத்தீவுக்குப் படகு விடுகிறார். அன்றைய முன்பதிவுகளைக் காட்டும் சிறு பக்கம் ஒன்றை எச்டிஎம்எக்ஸ் கொண்டு செய்து கொடுத்திருந்தேன். பக்கம் முழுவதையும் மீண்டும் ஏற்றாமல், வேண்டிய துண்டை மட்டும் சேர்வரிலிருந்து எடுத்து மாற்றும் ஜாவாஸ்கிரிப்ட் நூலகம் அது. கடற்கரையில் சிக்னல் இழுத்துக்கொண்டு நின்றாலும் சமாளிக்கும் அளவுக்குச் சிறியது. 2024 ஜூனில் அதன் 2.0 பதிப்பு வெளியானது. மாற்றுவது ஒரே ஒரு கோப்பைத்தான். ஆனால் மாற்றும் முன் தேட வேண்டியவை சில உண்டு.

முதலில் உலாவியில் பக்கத்தைத் திறந்து எஃப்12 அழுத்தி, கன்சோலில் (கட்டளை தட்டும் பகுதியில்) நூலகத்தின் பெயர், புள்ளி, வெர்ஷன் என்று ஆங்கில எழுத்துகளில் தட்டுங்கள்; இப்போதைய பதிப்பு எண் தெரியும். என்னுடையது 1.9.12. பிறகு தளத்தின் கோப்புறையை அப்படியே ஒரு பிரதி எடுத்து வையுங்கள். அதற்குச் சோம்பல்படுகிறவர்கள் இத்துடன் நிறுத்திக்கொள்ளலாம்.

அடுத்து, புதிய கோப்பைத் தரவிறக்கிப் பழையதன் இடத்தில் வையுங்கள். நூலகத்தை ஏற்றும் ஸ்கிரிப்ட் வரியில், கோப்பு மாறாததா என்று சரிபார்க்கும் இன்டெக்ரிட்டி என்ற பண்பு இருந்தால், அதிலுள்ள நீண்ட குறியீட்டையும் புதிய கோப்புக்குரியதாக மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் உலாவி கோப்பைத் தடுத்துவிடும். பக்கம் செத்ததுபோலக் கிடக்கும்.

நூலகத்துக்குக் கூடுதல் வசதி சேர்க்கும் நீட்சிகள் இப்போது தனியாகப் பராமரிக்கப்படுகின்றன. பயன்படுத்துகிறவர்கள் அவற்றின் புதிய பதிப்புகளையும் எடுக்க வேண்டும். எச்எக்ஸ்-ஆன் என்ற பண்புக்குள் சொடுக்கு போன்ற பல நிகழ்வுகளை அடுக்கி எழுதும் பழைய முறையும் போய்விட்டது. ஒவ்வொரு நிகழ்வுக்கும் தனிப் பண்பு எழுதுங்கள். வேறு டொமைனிலுள்ள சேர்வரை அழைக்கும் கோரிக்கைகள் இயல்புநிலையில் தடுக்கப்படும். இன்டர்நெட் எக்ஸ்புளோரரில் 2 ஓடாது. அது வேண்டுமென்றால் 1 இலேயே இருந்துவிடலாம்.

என்னைக் கவிழ்த்தது, நீக்கும் பொத்தானை அழுத்தியதும் சேர்வருக்குப் போகும் டிலீட் கோரிக்கை. பழைய பதிப்பு படிவ விவரங்களை முகவரியில் காட்டாமல், கோரிக்கையின் உடலில் (உள்ளடக்கப் பகுதியில்) வைத்து அனுப்பியது. புதியது முகவரியில் கேள்விக்குறிக்குப் பின்னால் சேர்த்து அனுப்புகிறது. என் சேர்வர் நிரலோ முன்பதிவு எண்ணை உடலிலேயே தேடியது. காணாமல், எதையும் நீக்காமல், 'சரி' என்று பதில் தந்துவிட்டது. திரையில் வரி மறைந்தது. தரவுத்தளத்தில் அப்படியே இருந்தது. மறுநாள் காலை ஏழு மணிக்கு, பயணத்தைக் கைவிட்ட ஆறு பேருக்காக மைத்துனர் இயந்திரத்தில் எண்ணெய் ஊற்றிக்கொண்டு கரையில் காத்திருந்தார்.

திருத்தம் எளிது: சேர்வர் நிரல் எண்ணை முகவரியிலிருந்து படிக்கட்டும். சேர்வரைத் தொட முடியாதவர்கள், முகவரி வழியே விவரம் அனுப்பும் முறைகளின் பட்டியலை எச்டிஎம்எக்ஸ் அமைப்புகளில் திறந்து, 'கெட்' (சேர்வரிடம் தகவல் கேட்டுப் பெறும் முறை) மட்டும் இருக்கும்படி மாற்றினால் பழைய நடத்தை திரும்பிவிடும்.

கடைசியாக, கன்ட்ரோலுடன் எஃப்5 அழுத்திப் பக்கத்தைப் புதுப்பியுங்கள். பொய்யாக ஒரு முன்பதிவு போட்டு, நீக்கி, மறுபடியும் பக்கத்தைப் புதுப்பித்துப் பாருங்கள். வரி திரும்பி வராவிட்டால் படகுக்காரருக்குச் சொல்லலாம்.