கான்டோனீஸில் ‘திமிர் பிடித்தவன்’ என்று சொல்வது எப்படி?

ஹாங்காங்கில் பேசும் சீன மொழிதான் கான்டோனீஸ். அகராதியைப் புரட்டினால் முதலில் கிடைப்பது ‘கியூ1 ஙோ6’. அதை விட்டுவிடுங்கள். ஏட்டுச் சொல், ‘பெருமிதம்’ என்ற நல்ல பொருளும் அதற்கு உண்டு. ஹாங்காங் தெருவில் திட்டுவதற்கு வேறு சரக்கு இருக்கிறது.

படி 1: பக்கத்தில் உள்ள எண்தான் தொனி, அதாவது அந்த அசையைச் சொல்லும்போது குரல் ஏறி இறங்கும் விதம். 1 உச்சத்தில் சமம், 2 மேலே ஏறும், 3 நடுவில் சமம், 4 அடியில் இறங்கும், 5 அடியிலிருந்து கொஞ்சம் எழும், 6 தாழ்வாகச் சமம்.

படி 2: கொய்5 (அவன், அவள் இரண்டுமே) + ஹோ2 (ரொம்ப) + திட்டு. வாக்கியம் முடிந்தது. தமிழைப் போலவே தனியாக வினைச்சொல் வேண்டாம்.

படி 3: திமிர் எதில் தெரிகிறது என்று பாருங்கள்.

பேச்சிலா? ச்யூன்3. விசிலடிப்பதுபோல் உதட்டைக் குவித்து ‘ஈ’ சொன்னால் அந்த உயிரொலி வரும். சா சான் டெங் உணவகத்தில் பால் டீ என்ன விலை என்று கேட்கிறீர்கள். “சுவத்துல எழுதியிருக்கே, படிக்கத் தெரியாதா?” என்கிறார் பரிமாறுபவர். அதுதான் ச்யூன்3, நம் வாய்க்கொழுப்பு.

புதுக் கைக்கடிகாரம் தெரியட்டும் என்றே சட்டைக் கையை மடித்துவிட்டு மணி சொல்கிறவன் ஸா1 சன்4. நேர்ப்பொருள் மணல்-தூசி. பந்தா பார்ட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தன்னைப் பற்றியே பீற்றிக்கொள்கிறவன் ஙா4 சாட்3. (அரிச்சுவடியில் சும்மா உட்கார்ந்திருந்த ‘ஙா’வுக்கு ஒருவழியாக வேலை கிடைத்துவிட்டது!) பல் துலக்கும் பிரஷ் ஙா4 சாட்2. தொனி மட்டும்தான் வித்தியாசம், எனவே கவனம்.

செருப்பைப் பார்த்து மரியாதையை அளக்கும் கடைக்காரருக்கு பாக்6 கப்3 ஙான்5, அதாவது புறாக்கண். எனக்கு இதுதான் ரொம்பப் பிடிக்கும்.

படி 4: நேருக்கு நேர். “ஹோ2 பா1 பை3 மே1?” என்றால் ‘பெரிய இவனா?’ கடைசி ‘மே’ நம் கேள்வி ‘ஆ’ மாதிரி. நண்பனிடம் என்றால் “ம்4 ஹோ2 கம்3 ச்யூன்3 லா1”, ‘ரொம்பத்தான் பண்ணாதடா’. முன்பின் தெரியாதவரிடம் இந்த இரண்டையும் எடுத்துவிடாதீர்கள். அடுத்து அவர் சொல்லப்போகும் சொற்கள் இந்தப் பாடத்தில் இல்லை.